கேட்டதும் சொன்னதும்: அத்தை கொண்டுவந்த கிண்ணம்

ஆங்கிலக் கவி கோல்ரிட்ஜ் சிறுவயதில் ஒன்பது ஆண்டுகள் ஒரு விடுதிப் பள்ளியில் அரைவயிற்றோடு வளர்ந்தவர் என்று சென்ற இதழில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பற்றி நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. ஆறாம் வகுப்பு முதல் எஸ்.எஸ்.எல்.சி. வரை நானும் விடுதியில் வளர்ந்தவன். பிறகு முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தவன். எனவே இந்த இதழில் மற்றக் கேள்விகளை ஒதுக்கிவைத்துவிட்டு இதையே எடுத்துக்கொள்கிறேன்.

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி: இங்கிலாந்தின் விடுதிப் பள்ளி என்றால் பிரபுக்களின் பிள்ளைகள் படித்த ஈட்டனும் ஹாரோவும்தானே? அங்கே பசி எப்படி வந்தது?

பதில்: கோல்ரிட்ஜ் படித்தது தருமப் பள்ளி அம்மா. அதன் பெயர் கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிடல். ஆதரவற்றவர்களைத் தாங்கும் இடத்தையும் அந்தக் காலத்தில் ஹாஸ்பிடல் என்றே சொன்னார்கள். ஆறாம் எட்வர்டு மன்னர் காலத்தில், 1552இல், லண்டன் நகரத்து ஏழைக் குழந்தைகளுக்காக அதைத் தொடங்கினார்கள். நியூகேட் தெருவில் துறவிகள் வெளியேற்றப்பட்டுக் காலியாகக் கிடந்த பிரான்சிஸ்கன் மடமே பள்ளிக்கூடம் ஆயிற்று. போகப் போக, வருமானம் குறைந்த பாதிரியார்களும் குமாஸ்தாக்களும் தங்கள் பிள்ளைகளைச் சிபாரிசு பிடித்து அங்கே சேர்த்தார்கள்.

கோல்ரிட்ஜின் தந்தை டெவன் பகுதியில் ஆட்டரி செயின்ட் மேரி என்ற சிற்றூரின் பாதிரியார். அவ்வூர்ப் பள்ளியின் தலைமையாசிரியரும் அவரே. 1781 அக்டோபரில் திடீரென்று இறந்துபோனார். பத்துப் பிள்ளைகளில் கடைசிப் பிள்ளை இவன். தந்தையிடம் படித்து நீதிபதியான ஒருவர் முயற்சி எடுத்து இடம் வாங்கிக் கொடுக்க, 1782 செப்டம்பரில், பத்து வயது நிரம்பும் முன்பே, லண்டன் பள்ளிக்குள் நுழைந்தான்.

வாரம் முழுவதும் என்ன சாப்பாடு என்பதைக் கோல்ரிட்ஜ் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில் கிழமைவாரியாகச் சொல்லியிருக்கிறார். காலையில் காய்ந்த ரொட்டித் துண்டும் மட்டமான, நீர்த்த பீரும். (அக்காலத்தில் அங்கே சிறுவர்களும் வீரியம் குறைந்த பீர் குடிப்பது வழக்கம்.) இரவில் கொஞ்சம் பெரிய ரொட்டித் துண்டு, தொட்டுக்கொள்ளச் சீஸ் அல்லது வெண்ணெய். மதியச் சாப்பாடு ஞாயிறும் வியாழனும் வேகவைத்த மாட்டிறைச்சியும் அது வெந்த சாறும். திங்கள் ரொட்டி, வெண்ணெய், தண்ணீர் விட்ட பால். செவ்வாய் சுட்ட ஆட்டிறைச்சி. புதன் ரொட்டி, வெண்ணெய், பாலில் வெந்த அரிசி. வெள்ளி வேகவைத்த ஆட்டிறைச்சி. சனி பட்டாணிக் கஞ்சி. காய்கறி என்பதே கிடையாது. எல்லாம் அளந்து வைப்பார்கள். புதன்கிழமை தவிர வேறு எந்த நாளும் வயிறு நிறைந்ததில்லை என்கிறார். புதன்கிழமை பால்சோறு! அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எங்கள் விடுதியில் வெள்ளிக்கிழமை மட்டும் வரும் முட்டைக்காக நாங்கள் வாரம் முழுக்கக் காத்திருந்தது எனக்கு நினைவு வரும். ஐம்பது வயது கடந்தும் அந்த மனிதர் கிழமையையும் உணவையும் மறந்திருக்கமாட்டார் என்று உறுதியாக நம்புகிறேன். நானும் மறக்கவில்லை.

ஈட்டனைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அங்கேயும் தரும நிதியில் படித்த 70 பையன்கள் இருந்தார்கள். இரவானால் அவர்களை ஒரு நீண்ட கூடத்தில் விட்டு வெளியே பூட்டிவிடுவார்கள். விடியும்வரை பெரியவர் எவரும் எட்டிப் பார்ப்பதில்லை. பணம் கட்டிப் படித்த பிள்ளைகளுக்கு அந்தக் கொடுமை இல்லை.

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு மாணவர்: அவர்களுக்குச் சீருடை உண்டா? எத்தனை பேர் ஒன்றாகத் தங்கினார்கள்?

பதில்: கோல்ரிட்ஜ் காலத்தில் ஏறக்குறைய 700 பையன்கள். பன்னிரண்டு பெரிய படுக்கைக் கூடங்கள். நோயாளிகளுக்குத் தனியாக ஒன்று. கணுக்கால் வரை தொங்கும் நீலக் கோட்டு, இடுப்பில் தோல் வார், கழுத்தில் வெள்ளைப் பட்டி, முழங்காலோடு நிற்கும் கால்சட்டை, மஞ்சள் காலுறை. அந்தக் கோட்டை வைத்தே லண்டன்வாசிகள் அதை நீலக் கோட்டுப் பள்ளி என்றார்கள். பள்ளி தொடங்கிய காலத்து ஏழைப் பிள்ளைகளின் உடை அது. ஊரில் உடை மாறிய பிறகும் பள்ளியில் மாறவில்லை. தெருவில் நடந்தால், தருமச் சோறு தின்னும் பையன் என்பது நூறு அடி தூரத்திலேயே தெரிந்துவிடும்.

நாமக்கல்லிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்: கண்டிப்பு இல்லாமல் கல்வி இல்லை. கோல்ரிட்ஜை உருவாக்கியதே அவருடைய ஆசிரியரின் பிரம்புதான் என்று படித்திருக்கிறேன். நீங்கள் ஒப்புக்கொள்வீர்களா?

பதில்: ஒப்புக்கொள்ளமாட்டேன் ஐயா. உங்கள் அனுபவத்தை மதித்தே இதைச் சொல்கிறேன்.

நீங்கள் சொல்லும் ஆசிரியர் ஜேம்ஸ் போயர். அவர் கற்பித்தது உயர்ந்த கல்வி; அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. மிகத் தாராளமாகப் பொங்கிவரும் கவிதைக்கும் கணக்குப் போல் கறாரான தர்க்கம் உண்டு, ஒவ்வொரு சொல்லும் அந்த இடத்தில் ஏன் நிற்கிறது என்று சொல்லத் தெரியவேண்டும் என்பது அவருடைய பாடம். ஒரு பையன் கட்டுரையில் யாழ், வீணை, கலைமகள் என்று அலங்காரமாக எழுதினால், பேனாவும் மையும் என்று எழுதடா எனத் திருத்துவார். இந்த ஒரு திருத்தத்துக்காகவே அவரை வணங்கலாம். நான் வகுப்பில் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

ஆனால் அவரிடம் இரண்டு பொய்முடிகள் இருந்தன. பவுடர் போட்ட புதுமுடியோடு வந்தால் அன்று பையன்களுக்கு நல்ல நாள். நிறம் மங்கிய பழைய முடியோடு வந்தால் அடி நிச்சயம். அவர் வாசலில் நுழையும்போதே எல்லாரும் தலையைத்தான் பார்ப்பார்கள். பாடம் தெரியுமா தெரியாதா என்பதற்கும் அந்த அடிக்கும் என்ன தொடர்பு? லீ ஹன்ட் என்ற மாணவர், பின்னாளில் எழுத்தாளர் ஆனவர், போயர் புத்தகத்தால் அடித்ததில் ஒரு பல்லை இழந்தார். கோல்ரிட்ஜ் பதின்மூன்று வயது வாக்கில், இந்தப் படிப்பே வேண்டாம், செருப்புத் தைப்பவரிடம் தொழில் கற்கப் போகிறேன் என்று கிளம்பினான். அருகில் அன்பான ஒரு செருப்புத் தொழிலாளியும் அவர் மனைவியும் இருந்தார்கள். வீட்டுச் சூடு அவனுக்கு அங்கேதான் கிடைத்தது. போயர் அதையும் கோபத்தால் முறித்தார். விடுமுறை முடிந்து வந்த முதல் நாள் அழுத பையனிடம், உன் தாயும் தந்தையும் உடன்பிறந்தவரும் இனி இந்தப் பள்ளிக்கூடம்தான் என்று அதட்டியவர் அவர். அழுத பையனோ தகப்பனை இழந்தவன். வயதான பிறகும் போயர் தன் கெட்ட கனவுகளில் வந்துகொண்டிருந்ததாகக் கோல்ரிட்ஜ் சொல்லியிருக்கிறார். கவிதையின் தர்க்கத்தை அந்தப் பிரம்பு கற்பிக்கவில்லை. அதைக் கற்பித்தது போயரின் அறிவு. பிரம்பு தந்தது கனவுகளை.

போயரைத் தாண்டியும் அங்கே கொடுமை இருந்தது. ஓடிப்போக முயன்ற பையன் பிடிபட்டால் முதல் முறை காலில் விலங்கு. இரண்டாம் முறை, காலை நீட்டிப் படுக்க மட்டும் இடமுள்ள இருட்டறை. வைக்கோல், ஒரு போர்வை, ரொட்டி, தண்ணீர். மூன்றாம் முறை எல்லார் முன்னிலையிலும் அவமானப்படுத்தி வெளியேற்றம். கோல்ரிட்ஜோடு படித்தவர், பின்னாளில் கட்டுரையாளர் ஆன சார்ல்ஸ் லாம், ஏழு வயதில் பள்ளிக்கு வந்த முதல் நாளே, விலங்கு மாட்டிய ஒரு பையனைப் பார்த்தார்.

பெயர் வெளியிட விரும்பாத கல்லூரி மாணவி: இன்றைய ராகிங் போல அங்கேயும் உண்டா?

பதில்: உண்டு. குளிர்கால இரவில் தூங்கும் சிறுவர்களை எழுப்பிச் சட்டையோடு நிறுத்தி, யாரோ பேசினார்கள் என்பதற்காகத் தோல் வாரால் அடித்த சட்டாம்பிள்ளைகளைப் பற்றியும், பனி கொட்டும்போது சின்னப் பிள்ளைகளைக் கணப்பின் பக்கமே விடாத பெரிய பையன்களைப் பற்றியும் லாம் எழுதியிருக்கிறார். ஈட்டன், ரக்பி போன்ற பள்ளிகளில் சிறியவன் பெரியவனுக்கு வேலை செய்வது எழுதாத சட்டமாகவே இருந்தது. உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தேன். அதை உங்கள் வீட்டில் இன்றே சொல்லுங்கள். பரீட்சை முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகி: விடுமுறை நாட்களில் அந்தப் பிள்ளை என்ன செய்தது? பார்க்க யாரும் வரவில்லையா?

பதில்: இந்தக் கேள்விக்காகவே இந்தப் பகுதியை எழுத உட்கார்ந்தேன், அம்மா.

அங்கே முழுநாள் விடுப்பு என்று ஒன்று இருந்தது. காலையில் எல்லாப் பையன்களையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். லண்டனில் உறவுக்காரர் உள்ளவன் அங்கே போவான். இல்லாதவன் தெருவில் நிற்பான். டெவனிலிருந்து வந்த கோல்ரிட்ஜுக்கு லண்டனில் அடிக்கடி போய் உட்கார ஒரு வீடு இல்லை. கோடையில் பையன்கள் கூட்டமாக நியூ ரிவர் என்ற கால்வாய்க்குக் குளிக்கப் போவார்கள். குளித்தால் பசி இரண்டு மடங்காகும். காசில்லாதவனுக்குச் சாயங்காலம் வரை ஒன்றும் கிடைக்காது. குளிர்காலத்தில் அச்சுப்படக் கடைகளின் கண்ணாடியை வெறித்துப் பார்த்துக்கொண்டு நடப்பார்கள். லண்டன் கோட்டையில் இருந்த சிங்கங்களை நீலக் கோட்டுப் பையன்கள் இலவசமாகப் பார்க்கலாம் என்று ஒரு பழைய சலுகை உண்டு. பார்த்த சிங்கத்தையே எத்தனை முறை பார்ப்பது? ஒருமுறை கோல்ரிட்ஜ் துணியோடு அந்தக் கால்வாயை நீந்திக் கடந்து, ஈரத்தை உடம்பிலேயே உலரவிட்டான். மூட்டுக் காய்ச்சல் வந்து, பதினேழு பதினெட்டு வயதின் பெரும் பகுதியை நோயாளிகள் கூடத்தில் கழித்தான்.

இப்படி அலைந்த ஒரு நாளில்தான் நல்லது ஒன்றும் நடந்தது. ஸ்ட்ராண்ட் தெருவில் கைகளை வீசி வீசி நடந்துகொண்டிருந்தான். காதலியைப் பார்க்கக் கடலை நீந்திக் கடந்த கிரேக்கக் கதை வீரனாகத் தன்னை நினைத்துக்கொண்டிருந்தான். கை ஒரு பெரியவரின் சட்டைப்பையில் பட்டுவிட்டது. திருடன் என்று பிடித்துக்கொண்டார். பையன் அழுதுகொண்டே தான் நீந்திக்கொண்டிருந்த கதையைச் சொன்னான். அந்த மனிதர் வியந்துபோய், ஒரு வாடகை நூலகத்தில் அவனுக்குச் சந்தா கட்டிக் கொடுத்தார். நாளுக்கு இரண்டு புத்தகம். அந்த நூலகத்தின் பட்டியலை வரிசையாகப் படித்து முடித்தான். அவர் மட்டும் போலீசைக் கூப்பிட்டிருந்தால்?

அதே பள்ளியில், அதே ஆண்டில் சேர்ந்தவர் லாம். அவருடைய தந்தை ஒரு வழக்கறிஞரிடம் வேலை பார்த்தார். வீடு நடந்து போகும் தூரம். லாமின் அத்தை, தந்தையின் சகோதரி, வயதானவர், தள்ளாடி நடந்தே வருவார். இலக்கண வகுப்புக்குப் போகும் வழியில் நிலக்கரிக் கிடங்கின் படிக்கட்டில் உட்கார்ந்து, முன்றானை போல் கட்டியிருக்கும் ஏப்ரனை விலக்கி, ஒரு கிண்ணத்தை எடுப்பார். வீட்டு அடுப்பில் சமைத்ததில் அவனுக்கென்று எடுத்துவைத்த பங்கு. லாமுக்கு அத்தை வந்து உட்காருவதைப் பார்த்தாலே வெட்கமாக இருக்கும். அந்த வெட்கத்தை அவர் 1797 தொடக்கத்தில், அத்தை மரணப்படுக்கையில் கிடந்தபோது, கடிதத்தில் எழுதினார். யாருக்கு எழுதினார் தெரியுமா? கோல்ரிட்ஜுக்கு. கிண்ணம் வராத பையனுக்கு. தின்னும்போது சுற்றி நிற்கும் பசித்த முகங்களுக்குப் பங்கு வைக்க அந்தக் கிண்ணம் போதாது என்ற வேதனையையும் அவர் வேறோர் இடத்தில் சொல்லியிருக்கிறார்.

எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது. என் அக்கா மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பஸ் மாறித் தூக்குவாளியில் மீன்குழம்புச் சோறு கொண்டுவருவாள். மற்றப் பையன்களின் வீட்டார் கார் வைத்துக்கொண்டும் புதுப் புடவை கட்டிக்கொண்டும் வருவார்கள் என்பதால், நான் அவளை விடுதிக்குள் அழைத்துப் போகமாட்டேன். மதிலுக்கு வெளியே புளியமரத்தடியில் உட்காரவைத்து அவசரமாகத் தின்றுவிட்டு அனுப்பிவிடுவேன். அக்காவுக்கு இப்போது எண்பது ஆகிறது. போன வாரம் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டேன். "அந்த மரத்தடி நல்ல நிழலாக இருக்குமே" என்றாள்.

அதே பள்ளியில் இன்னொரு பையனின் கதையையும் லாம் சொல்கிறார். வேகவைத்த மாட்டிறைச்சியின் கொழுப்பைப் பையன்கள் யாரும் தொடமாட்டார்கள். ஒருவன் மட்டும் எல்லார் தட்டிலும் மிஞ்சியதைப் பொறுக்கிக் கட்டிலருகே பதுக்குவான். அதை யாரோடும் பேசாமல் தின்கிறான் என்று எல்லாரும் அவனை ஒதுக்கினார்கள். விடுப்பு நாளில் மூட்டையோடு வெளியே போனவனைப் பின்தொடர்ந்தார்கள். ஓர் இடிந்த கட்டடத்தின் நான்காவது மாடி. கந்தல் உடுத்திய கிழவி கதவைத் திறந்தாள். விசாரித்ததில், பட்டினி கிடந்த தாய்தந்தைக்குத்தான் அவன் கொண்டுபோயிருக்கிறான். நிர்வாகிகள் அந்தக் குடும்பத்துக்கு உதவி செய்து, பையனுக்கு வெள்ளிப் பதக்கம் கொடுத்தார்கள். அதுவரை அவனோடு பேச ஒருவர்கூட இல்லை.

கோல்ரிட்ஜ் 1798இல் எழுதிய ஒரு கவிதையில், பள்ளி நாட்களில் கணப்புக் கம்பியில் படபடக்கும் கரிப்படலத்தையே பார்த்துக்கொண்டிருந்ததைச் சொல்கிறார். கரிப்படலம் ஆடினால் யாரோ வரப்போகிறார்கள் என்பது அந்த ஊர் நம்பிக்கை. நமக்குக் காகம் கரைவது போல. விருந்து வரக் கரைந்த காக்கையைக் குறுந்தொகையில் பாடியே ஒரு புலவர் காக்கைபாடினியார் என்று பெயர் பெற்றார். அந்தப் பையன் கதவு பாதி திறக்கும்போதெல்லாம், ஊர்க்காரர் ஒருவரோ, அத்தையோ, கூட விளையாடிய அக்காவோ வந்துவிட்டார்களா என்று புத்தகத்திலிருந்து கண்ணைத் தூக்கிப் பார்ப்பான்.

சென்னையிலிருந்து ஒரு வாசகர்: அந்தப் பள்ளிக்கும் நம் ஊருக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

பதில்: உண்டு. லாம் 1792 முதல் 1825 வரை லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் கணக்கர். சென்னையை ஆண்ட அதே கம்பெனி. அவர்களுக்கு மூத்த மாணவர் தாமஸ் மிடில்டன், விளையாட்டு நேரத்தில் லத்தீன் கவி வர்ஜிலைத் தானாகப் படித்துக்கொண்டிருந்த கோல்ரிட்ஜை முதலில் கண்டு, போயரிடம் சொன்னவர். அவர்தான் 1814இல் கல்கத்தாவின் முதல் ஆங்கிலிக்கன் பிஷப் ஆனார்.

எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் படுவது வேறு. சென்னையில் ராணுவ அனாதைச் சிறுவர் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல், நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லித்தரும் முறையை வகுத்து, 1797இல் லண்டனில் புத்தகமாக வெளியிட்டார். அது மதராஸ் முறை என்றே பெயர் பெற்றது. 1808இல் லண்டனில் கல்வியைப் பற்றிச் சொற்பொழிவாற்றிய கோல்ரிட்ஜ், பெல்லின் முறையைப் போற்றினார். பெல்லின் போட்டியாளரான லங்காஸ்டர், பிள்ளைகளின் கழுத்தில் மரக்கட்டை கட்டியும் கூடையில் வைத்துக் கூரையில் தொங்கவிட்டும் அவமானப்படுத்தியதைக் கடுமையாகத் தாக்கினார். விலங்கு மாட்டிய பையன்கள் இருந்த பள்ளியில் ஒன்பது ஆண்டுகள் இருந்தவருக்கு அதைப் பேச முழு உரிமை உண்டு.

திருச்சியிலிருந்து ஒரு வாசகர்: அந்தப் பள்ளி இன்னும் இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. 1902இல் லண்டனை விட்டு சசெக்ஸ் பகுதியின் ஹார்ஷம் என்ற ஊருக்குப் போனது. நீலக் கோட்டும் மஞ்சள் காலுறையும் அப்படியே. இன்று பெண்களும் அங்கே நீலக் கோட்டு அணிகிறார்கள்.

வேலூரிலிருந்து ஒரு தந்தை: ஜூன் மாதம் என் பத்து வயது மகனை விடுதியில் சேர்க்கிறேன். முதல் இரண்டு மாதம் பார்க்க வராதீர்கள், வந்தால் பிள்ளை பழகமாட்டான் என்கிறார்கள். என்ன செய்யட்டும்?

பதில்: முதல் ஞாயிற்றுக்கிழமையே போங்கள். அனுமதி இல்லை என்றால், அனுமதி உள்ள வேறு விடுதியைப் பாருங்கள். போகும்போது பத்துப் பேருக்குக் காணும்படி சோறு எடுத்துப் போங்கள். உங்கள் மகனோடு படுப்பவர்களில் யாருக்கு ஆள் வருவதில்லை என்று அவனிடம் கேட்டு, அந்தப் பையன்களையும் கூப்பிடச் சொல்லுங்கள். அவன் வெட்கப்பட்டு உங்களை வெளியே மரத்தடிக்கு அழைத்துப் போனால், கேள்வி கேட்காமல் மரத்தடியில் உட்காருங்கள்.